கொண்டது விடாமை: சின்னச் சின்ன அபத்தங்களில் சிரிப்பைக் காண்பது

இலங்கையின் மலையகத்தில், அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒரு நகைச்சுவை நாடகம் எழுத வேண்டியிருக்கிறது. குடிகாரன் வேஷமும் திக்கிப் பேசுவதும் இல்லாவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இன்றைய வாழ்க்கையில் நாம் தினமும் காணும் சின்னச் சின்ன அபத்தங்களிலிருந்து நகைச்சுவையை எடுப்பது எப்படி? இவ்வளவு கஷ்டம் உள்ள நமது மக்களைப் பற்றி எழுதும்போது சிரிப்பது பொருத்தமாகுமா?" முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலையகப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்து, ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கியவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மனத்தின் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதாகிய மெய்ப்பாடுகள் எட்டையும் தொல்காப்பியர் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அந்த நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார். மாணவர்களுக்கு இந்த நூற்பாவைக் கற்பித்த ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, பேதைமையும் மடனும் ஒன்றுதானே, ஏன் இரண்டாகச் சொன்னார் என்று கேட்கும். உரையாசிரியர்கள் தரும் விளக்கம் அருமையானது. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை". அதாவது, ஒருவர் சொல்லிக்கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, பிறகு எது நேர்ந்தாலும், கண்முன்னே இருப்பது வேறாக இருந்தாலும், ஏற்றுக்கொண்டதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அறியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். மடன் உடையவனுக்கோ தெரியும், தெரிந்ததையே பிடித்துக்கொண்டு நிற்பான். நீங்கள் கேட்கும் நவீன வாழ்க்கையின் அபத்தங்களில் பெரும்பாலானவை இந்த மடனைச் சேர்ந்தவை என்பது என்னுடைய உறுதியான கருத்து. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. பழைய காலத்தில் மடன் மனிதரிடத்தில் இருந்தது. இன்று அது படிவத்துக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் சுற்றறிக்கைக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது.

நம் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கும் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் இலக்கத்தில் முதலில் பிறந்த ஆண்டு வரும். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டும். பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையிலும் இந்த முறை மாறவில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி மாதத்துக்கு 29 நாட்கள் என்று வைத்தே நாட்கள் எண்ணப்படுகின்றன. 2001 நெட்டாண்டு அல்ல. ஆகவே அந்த ஆண்டின் மார்ச் 1 உண்மையில் அறுபதாவது நாள். ஆனால் அன்று பிறந்த பெண்ணின் அட்டையில் 560 வராது, 561தான் வரும். டிசெம்பர் 31 பிறந்த ஆண் எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும் 366ஆம் நாளில் பிறந்தவன். எந்த ஆண்டுக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தலாம் என்ற வசதி இதில் இருக்கிறது. யாருக்கும் இதனால் தீங்கில்லை. ஆனாலும் நெட்டாண்டு அல்லாத ஆண்டில், மார்ச் 1 முதல் பிறந்த நாம் அனைவரும், நடக்காத ஒரு பெப்ரவரி 29ஐத் தாண்டித்தான் இந்த உலகத்துக்கு வந்திருக்கிறோம். இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு தங்கள் அண்ணன், அக்காமாரின் அட்டைகளை வாங்கி எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணி முடித்ததும் வகுப்பில் எழும் சிரிப்பில் யாரையும் இழிவுபடுத்தும் குணம் துளியும் இருக்காது. இந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி, என் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தாயார் நாற்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். அவருடைய பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் முதலெழுத்து நெடிலாகவும், அடையாள அட்டையில் அதே எழுத்து குறிலாகவும், சேமலாப நிதிப் பதிவில் ஈற்றெழுத்து இல்லாமலும் இருந்தது. தமிழ் தெரியாத ஒருவர் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதி, மூன்றாவது ஆள் மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்தால் ஒரு பெயர் இப்படித்தான் ஆகும். தோட்டங்களில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. ஓய்வு பெற்றபின் சேமலாப நிதியைப் பெறப் போனபோது, மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுவரும்படி சொன்னார்கள். கொண்டுபோனோம். அந்த அலுவலர் நல்ல மனிதர். அம்மாவை உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார். ஆனால் அவருடைய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, அதை அவர் கேட்டே ஆக வேண்டும். மூன்று பத்திரங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, "இவரும் இவரும் இவரும் ஒரே ஆள் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது அம்மா?" என்று கேட்டார். அம்மா மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூணு பேரும் ஒரே சீட்டுலதான் ஐயா பஸ்ஸுல குந்தி வந்தோம். ஒரு டிக்கட்தான் எடுத்தோம்."

அந்த அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அம்மா அதோடு நிற்கவில்லை. "எனக்கு மூணு பேரு இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, ஒரு நாளைக்கி மூணு பேரு போடச் சொல்லிக் கேட்டிருப்பேனே" என்றார். மலையகத்துக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளப் பதிவுக்குப் "பேர்" என்று பெயர். அன்று எடுக்க வேண்டிய கிலோ குறைந்தால் "அரைப்பேர்". கிலோ குறைந்த நாளில் அரைப் பேராகவும், படிவத்தில் மூன்று பேராகவும் இருந்தவர் உண்மையில் எப்போதும் ஒரே ஆளாகவே இருந்தார் என்பதை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது. இதைவிடக் கூர்மையாக எந்த எழுத்தாளரும் எழுத முடியாது என்று இன்றும் நம்புகிறேன்.

இங்கே நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். அம்மா கேலி செய்யவில்லை. அந்த அலுவலரும் முட்டாள் அல்லர். படிவத்தின் தர்க்கத்தை அம்மா அப்படியே ஏற்றுக்கொண்டார். மூன்று பேர் என்று நீங்கள் சொன்னால் சரி, மூன்று பேராகவே வைத்துக்கொள்வோம், அப்படியானால் பஸ்ஸில் எப்படி வந்திருப்போம், எத்தனை டிக்கட் எடுத்திருப்போம் என்று அந்தத் தர்க்கத்தின் கையைப் பிடித்து இரண்டு அடி முன்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அது தானாக விழுந்தது. பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பேர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில், உயிருள்ள ஒன்று இயந்திரம்போல நடந்துகொள்ளும் இடத்தில்தான் சிரிப்புப் பிறக்கிறது என்று வாதிட்டார். சூழ்நிலை மாறியும் வளைந்துகொடுக்காத விறைப்பைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் எனக்குக் "கொண்டது விடாமை" என்ற நம் உரையாசிரியர்களின் சொற்றொடரே நினைவுக்கு வரும்.

இரண்டாவதாகத் தொலைபேசி. எங்கள் பகுதியில் பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் கிடையாது. கோயிலுக்கு மேலே ஒரு பாறை இருக்கும். அதில் ஏறினால் இரண்டு கோடு வரும். 2020இல் பாடசாலைகளை மூடி வகுப்புகளைத் தொலைபேசிக்கு மாற்றியபோது பிள்ளைகள் கொப்பியோடு அங்கே குந்தியிருந்ததை எல்லோரும் கண்டோம். அது வேதனையான காட்சி, அதை நான் நகைச்சுவையாக எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பாறைக்கு அன்றாட வாழ்க்கை ஒன்றும் உண்டு. லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் ஒற்றைச் சுவர்தான். அங்கே வாழ்ந்து பழகிய நம் மக்கள் குசுகுசுவென்று பேசுவதில் தேர்ந்தவர்கள். ஒரு வீட்டில் பெண் பார்க்கும் விஷயம் பேசினால் அடுத்த வீட்டுக்குத் தெரியாது. இப்போது அதே விஷயத்தைப் பேச மலை உச்சிக்கு ஏற வேண்டியிருக்கிறது. ஏறியபின் காற்றில் காது கேட்காததால் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. தங்கள் முறைக்காகப் பாறைக்குக் கீழே ஐந்தாறு பேர் காத்திருக்கிறார்கள். எவ்வளவு நகை போடுவார்கள், மாப்பிள்ளை கொழும்பில் எந்தக் கடையில் வேலை, அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்பதெல்லாம் அவர்கள் காதில் விழுகிறது. கேட்டதைக் கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, ஆறு பேரும் ஒரே நேரத்தில் எதிர்மலையைப் பார்ப்பார்கள். அந்த முகங்களை மேடையில் நிற்க வைத்தால் போதும், வசனமே வேண்டாம்.

அதே பாறையில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எழுதுகிறவர் தவறிவிடக்கூடிய இடம். ஒரு முதியவர் ஏதோ ஓர் உதவி இலக்கத்துக்கு அழைத்தார். பதிவு செய்யப்பட்ட குரல் சிங்களத்துக்கு ஒன்றையும் தமிழுக்கு இரண்டையும் அழுத்தச் சொன்னது. அவர் அந்தக் குரலுக்குப் பணிவாக "சரிங்க அம்மா" என்று பதில் சொல்லிவிட்டு இரண்டை அழுத்தினார். நெடுநேரம் இசை கேட்டபின் வந்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. பெரியவர் மரியாதையாக மறுபடி இரண்டை அழுத்தினார். இந்தக் காட்சியில் இயந்திரத்துக்குப் பெரியவர் பதில் சொன்னதைப் பார்த்துச் சிரித்தால் அது பேதைமையைப் பார்த்துச் சிரிப்பது. பிள்ளைகள் உடனே அதைத்தான் நடித்துக் காட்டுவார்கள், சபையும் சிரிக்கும். ஆனால் அங்கே அபத்தம் அவரிடம் இல்லை. தமிழுக்கு ஓர் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, அந்த இலக்கத்துக்குப் பின்னால் தமிழை வைக்காமல் விட்டவர்களிடத்தில் இருக்கிறது. மேடையில் பெரியவர் முழு நிதானத்தோடும் மரியாதையோடும் நிற்கட்டும். மறுபடி மறுபடி இரண்டை அழுத்தட்டும். சபையின் சிரிப்பு தானாக இடம் மாறி, உரியவரிடம் போய்ச் சேரும்.

இந்த இடத்தில் பெயர்ப்பலகைகளைப் பற்றியும் கேட்பீர்கள். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தின் மேல் "தா"வுக்குப் பதில் "நா" எழுதிவைத்த கதை நாடறிந்தது. எழுத்துப் பிழையைக் கண்டதும் சிரிப்பு வருவது இயல்புதான். ஆனால் ஒருமுறை சிரித்ததும் அது தீர்ந்துபோகும். தமிழ் தெரியாத ஓவியர் எழுத்தைப் படமாகப் பார்த்து வரைகிறார். அவருடையது வெறும் அறியாமை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியபின்னும், பலகையை மாட்டுவதற்கு முன் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றாததும், பிழையைச் சொன்னபின் ஆண்டுக்கணக்கில் அப்படியே தொங்குவதும்தான் எழுதத் தகுந்த விஷயம். அதை எழுத வேறு வகையான நாடகம் வேண்டும். பத்து நிமிடத்தில் அடங்காது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நின்ற வரிசைகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், நிறையக் கிடைக்கும். முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று முதலில் வகுத்தபோது, மேட்டிலும் வளைவிலும் இருக்கும் தோட்டத்திலிருந்து நகரத்து நிலையத்துக்குப் போய்வரவே அதில் கணிசமான பங்கு செலவானது. பெற்றோல் எடுப்பதற்காகப் பெற்றோலை எரித்தார்கள். எரிவாயு வரிசையில் மனிதருக்குப் பதிலாகச் சிலிண்டர்களே நின்றன. எனக்கு முன்னால் நின்றது கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிய ஒரு நீலச் சிலிண்டர். அதன் சொந்தக்காரரை நான் பார்த்ததே இல்லை. மூன்று நாட்களாக அந்தச் சிலிண்டரைத்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் மாலை மழை கொட்டியது. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து, தன்னுடைய வெறும் சிலிண்டருக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றார். இரும்பு நனைந்தால் என்ன என்று தோன்றும். அந்தச் சிலிண்டரின் மேல் வரிசை இலக்கத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். இலக்கம் அழிந்தால் மூன்று நாளும் அழிந்துவிடும். காரணம் தெரியாமல் பார்த்தால் அது விசித்திரம். காரணம் தெரிந்தபின்தான் அது நகைச்சுவை ஆகிறது. எந்த அபத்தத்தைக் கண்டாலும் அதன் காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். காரணத்தை விட்டுவிட்டு எழுதினால் அந்த மனிதர் கோமாளி ஆகிவிடுவார்.

கஷ்டத்தின் நடுவே சிரிப்பது பொருத்தமா என்ற உங்கள் கேள்வி என்னை மிகவும் தொட்டது. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். மதன் எரிவதும் ரதி புலம்புவதும் ஆடும் அதே களத்தில், அதே இரவில், எங்கள் தோட்டத்தில் கோமாளியும் ஆடினார். ஒப்பாரி கேட்டு அழுத பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருடைய பேச்சுக்குச் சிரித்தார்கள். பிறகு மறுபடி அழுதார்கள். பொருத்தமா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கொழுந்து நிறுவையிலும் அப்படித்தான். கொழுந்தில் இருக்கும் ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழிப்பது எங்கள் தோட்டத்தில் வழக்கம். காய்ந்த வெயில் நாளிலும் கழித்தார்கள். ஒரு நாள் ஒரு பாட்டி தராசுக்கு முன்னால் நின்று, "இன்னிக்கி எந்த மலையில ஐயா மழ பெஞ்சிச்சு? நாளைக்கி அங்க போயி நாத்து நடலாமுன்னு பாக்குறேன்" என்று கேட்டார். கணக்கப்பிள்ளையால் அவரைக் கண்டிக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு தகவல்தான் கேட்டார். முறையிட்டால் வேலை போகக்கூடிய இடத்தில் நம் பாட்டிமார் இப்படித்தான் முறையிட்டார்கள்.

அம்மா இறந்து பதினைந்தாம் நாள், கருமாதிக்கு முதல் நாள், என் தம்பி இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். இஸ்தோப்பில் குந்தி அதை நான்கு பேருமாகப் பார்த்தோம். பெயரின் நடுவே முந்திய மூன்றிலும் இல்லாத ஒரு புள்ளி இருந்தது. முதலில் தங்கைதான் சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தோம். உள்ளே இருந்த அத்தை சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று கோபமாக வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பத்திரத்தைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நாலாவது ஆளு எப்ப வந்துச்சு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். அந்தச் சிரிப்பு அம்மாவுக்கு எதிரானது என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால், அம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தோம்.

இனி உங்கள் நாடகம். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் தாருங்கள். வீட்டில், பஸ்ஸில், கடையில், ஒரு விதியோ இயந்திரமோ கண்முன்னே இருப்பதைப் பார்க்காமல் தன் பாட்டில் நடந்த இடத்தைக் கண்டு எழுதிவரச் சொல்லுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். திருத்தமான தமிழாக்கிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள், ஏனென்றால் அம்மாவின் வாக்கியத்தை "நாங்கள் மூவரும் ஒரே ஆசனத்தில் அமர்ந்து வந்தோம்" என்று மாற்றினால் அங்கே ஒன்றுமே மிஞ்சாது. அதேபோல, அதிகாரியின் பேச்சில் படிவத்தின் மொழி படிவத்தில் உள்ளபடியே வர வேண்டும். மிகைப்படுத்துவது பழக்கமாகிவிட்ட பிள்ளைகளுக்கு இது முதலில் சப்பென்றிருக்கும். மூன்று பெயரை முப்பது பெயர் ஆக்கினால் இன்னும் சிரிப்பார்களே என்று கேட்பார்கள். முப்பது என்றால் சபை நம்பாது. மூன்று என்றால் சபையில் பாதிப்பேர் தங்கள் வீட்டுப் பத்திரங்களை நினைத்துக்கொள்வார்கள். நடிப்பவர் யாரும் தான் நகைச்சுவை செய்வதாக நினைக்கக் கூடாது. அலுவலராக வருபவர் உண்மையாகவே ஆதாரம் தேட வேண்டும், தாயாக வருபவர் உண்மையாகவே உதவ முயல வேண்டும். சிரிப்பு எழுந்ததும் அடுத்த வசனத்தை அவசரமாகச் சொல்லிவிடாமல் அந்த நேரத்தில் பத்திரங்களை அடுக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். படிவத்தைச் சபைக்குத் தெரிய வேண்டும் என்று பெரிய அட்டையில் எழுதிப் பிடிக்கச் செய்வார்கள், அது வேண்டாம். உண்மையான அளவில், நாலாக மடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, அம்மாமார் வைத்திருப்பதுபோல மடியிலிருந்து எடுக்கட்டும்.